தராசு யார் கையில்?

கடல் கடந்தால் தீட்டு என்று சாத்திரம் எழுதி வைத்த நாடு இது. அந்தச் சாத்திரத்தைப் பொருட்படுத்தாமல் கலம் செலுத்திய மக்கள் வாழ்ந்ததும் இந்த நாட்டில்தான். இன்று சாத்திரம் தளர்ந்துவிட்டது. மருத்துவம் கற்க, பொறியியல் கற்க, கணினி கற்கக் கடல் கடக்கிறார்கள் நம் இளைஞர்கள். மகிழ்ச்சி! ஆனால், 'இலக்கியம் கற்கக் கடல் கடக்கப் போகிறேன்' என்று ஒரு பெண்ணோ பிள்ளையோ சொல்லட்டும். வீட்டில் எழும் முதற் கேள்வி, 'இலக்கியத்துக்கா இவ்வளவு பணம்?' என்பது. அடுத்த கேள்வி, 'நம்மிடம் இல்லாத இலக்கியமா அங்கே இருக்கிறது?' என்பது.

முதற் கேள்வி வறுமை கேட்கும் கேள்வி. அதை நாம் மதிக்கிறோம். இரண்டாவது, பெருமை கேட்கும் கேள்வி. அதை உரைத்துப் பார்க்கத்தான் வேண்டும். 'எல்லாச் சிறப்பும் மேனாட்டில்தான்' என்று மயங்குவோர் ஒருபுறம்; 'எம் இலக்கியத்துக்கு ஈடு எங்கும் இல்லை' என்று முழங்குவோர் மறுபுறம். இருவரும் எதிரிகள் போலத் தோன்றுவர். உண்மையில் இருவரும் ஒரே பிழை செய்பவர்கள். இருவருமே ஒப்பிட்டுப் பார்க்கவில்லை! ஒருவர் தராசைத் தொடாமலே நம் தட்டு இலேசு என்கிறார். மற்றவர் தராசைத் தொடாமலே நம் தட்டு கனம் என்கிறார்.

ஒப்பிட்டுப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட துறை ஒன்று உண்டு. ஒப்பிலக்கியம் என்பது அதன் பெயர். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகளின் இலக்கியங்களை அவ்வம்மொழியிலேயே கற்று, ஒன்றின் அருகில் மற்றொன்றை வைத்து, ஒற்றுமை எது, வேற்றுமை எது, அவற்றுக்குக் காரணம் எது என ஆராயும் துறை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முதுகலைப் பட்டத்துக்குரிய பாடம். அதைக் கற்கப் புறப்படும் நம் இளைஞர், பெட்டி கட்டும் முன்பு ஒரு வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும். இந்தத் தராசைச் செய்தவர்கள் யார்? பிடித்தவர்கள் யார்? தட்டில் ஏற்றப்படாமலே கிடந்தவர்கள் யார்?

வைமர் நகரத்து முதியவர்

1827ஆம் ஆண்டு சனவரித் திங்கள். ஜெர்மனியில் வைமர் என்னும் சிறு நகரம். எழுபத்தேழு வயதுக் கவிஞர் கெதே, தம் உதவியாளர் எக்கர்மனிடம், தாம் படித்துக்கொண்டிருந்த நாவலைப் பற்றிப் பேசுகிறார். அது ஜெர்மானிய நாவல் அன்று. பிரெஞ்சு நாவலும் அன்று. சீன நாவல்! சீன மக்களும் நம்மைப் போலவே எண்ணுகிறார்கள், உணர்கிறார்கள் என்று வியக்கிறார். தேசிய இலக்கியம் என்ற பேச்சு இனி எடுபடாது, உலக இலக்கியத்தின் காலம் வந்துகொண்டிருக்கிறது என்று கூறுகிறார். ஐரோப்பியன் ஒருவன் ஆசியாவை அடக்கியாளத்தக்க நிலமென்றே எண்ணிய காலத்தில் இது பெருங்குரல்.

அதே உரையாடலில் அவர் இன்னொன்றும் சொன்னார். முன்மாதிரி என்று தேடினால் பண்டைக் கிரேக்கரிடமே திரும்ப வேண்டும். மற்றவற்றை வரலாற்று நோக்கில் பார்த்து, நல்லதை எடுத்துக்கொண்டால் போதும் என்றார். கவனியுங்கள்: எல்லாரும் விருந்துக்கு அழைக்கப்பட்டனர், தலைமை இருக்கை மட்டும் முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டது. இந்தத் துறையின் பெருமையும் சிறுமையும் அந்த ஒரு நாள் பேச்சிலேயே முளைவிட்டிருந்தன.

ஒப்பீடு உடைத்த கட்டுக்கதை

கெதே பேசி முப்பதாண்டு ஆகுமுன் ஒப்பீடு என்னும் கருவி நம் மண்ணில் ஒரு பெரும்பணி செய்து முடித்தது. 1856இல் கால்டுவெல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் துளுவும் ஒரு குடும்பம். வடமொழி வயிற்றில் பிறந்தவை அல்ல என்பதை அந்நூல் நிறுவியது. அதற்கு நாற்பதாண்டு முன்பே, 1816இல், சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் இந்தக் கருத்தை எடுத்துரைத்திருந்தார். கால்டுவெல் அதை விரித்து, வகுத்து, வலுவாக நிலைநாட்டினார்.

எப்படி நிலைநாட்டினார்? புராணத்தைக் காட்டியா? கனவில் வந்த கடவுளைச் சாட்சிக்கு அழைத்தா? இல்லை. மூவிடப் பெயர்களை எடுத்தார், எண்ணுப் பெயர்களை எடுத்தார், வினைமுற்றுகளை எடுத்தார். அருகருகே வைத்தார். சான்று பேசியது, சாத்திரம் வாய் மூடியது. எல்லா மொழிக்கும் தாய் ஒன்றே, அது தேவர் மொழியே என்று நூற்றாண்டுக் கணக்கில் சொல்லிவந்த கதை, சொற்பட்டியலின் முன் நிற்கமுடியாமல் சாய்ந்தது. நம் மறுமலர்ச்சியின் அடித்தளத்தில் ஒப்பீடு என்னும் கல் இருக்கிறது. ஆகவே, ஒப்பிடும் துறை நமக்கு வேற்றார் வீட்டுச் சரக்கு அன்று.

கால்டுவெல் ஒப்பிட்டது மொழிகளின் இலக்கணத்தை. இலக்கியங்களை ஒப்பிடும் துறை தனக்கென ஓர் ஏடு கண்டது, அதற்கு இருபத்தோராண்டு கழித்து, ஐரோப்பாவின் ஓர் ஓரத்தில்.

சிறு ஊரில் பிறந்த ஏடு

பாரிசிலோ இலண்டனிலோ அது பிறந்திருக்கும் என்றுதான் நினைப்போம். பிறந்த இடம் கொலோழ்வார். அன்று அங்கேரி நாட்டு ஆட்சியில் இருந்த திரான்சில்வேனியப் பகுதியின் நகரம். இன்று உருமேனியாவில் க்ளூஜ் என வழங்குவது. அங்கேரியர், உருமேனியர், ஜெர்மானியர், யூதர் எனப் பல இனத்தவர் கலந்து வாழ்ந்த இடம். அங்கே, ஊகோ மெல்ட்சல் என்ற இளம் பேராசிரியரும், சாமுவேல் பிராசாய் என்ற முதுபெரும் அறிஞரும் சேர்ந்து, 1877இல் ஓர் ஒப்பிலக்கிய ஏட்டைத் தொடங்கினர். 1888 வரை அது வெளிவந்தது. ஒரு மொழிக்கே தலைமை கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, பத்து மொழிகளை ஏட்டின் மொழிகளாக அறிவித்தனர்.

ஏன் அந்தச் சிறு ஊரில் இப்படி ஓர் எண்ணம் தோன்றியது? பெரிய மொழிக்காரனுக்கு ஒப்பிட வேண்டிய தேவையே எழுவதில்லை. தன் மொழியே உலகம் என்று அவன் உறங்கலாம். அண்டை வீட்டில் மூன்று மொழி ஒலிக்கும் ஊரில் வாழ்பவனுக்கு அந்த உறக்கம் வாய்க்காது. அவனுக்கு ஒப்பீடு நாள்தோறும் நடப்பது.

ஏடு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, 1876இல், உருசியப் பேரரசன் இரண்டாம் அலெக்சாண்டர், உக்ரேனிய மொழி நூல்களை அச்சிடுவதையும், வெளிநாட்டிலிருந்து தருவிப்பதையும், அம்மொழியில் நாடகம் நடத்துவதையும் கடுமையாகத் தடுத்து ஆணை பிறப்பித்திருந்தான். மெல்ட்சல் தம் ஏட்டில் அதைக் கண்டித்தார். பெயர் தெரியாத ஒரு சிறு கூட்டத்தாரின் நாட்டுப்பாடலுக்கு எதிராக அந்தத் தடை வந்திருந்தாலும் அது பெருங்குற்றமே என்று எழுதினார். ஒப்பிலக்கியத்தின் முதல் ஏடு, மொழி ஆதிக்கத்தை எதிர்த்துப் பேசிய ஏடு! இதை நாம் மறக்கலாகாது. பெருமொழி ஒன்றை மற்றவர் தலையில் சுமத்தும் ஆணை எத்தகையது என்பதை 1938இலும் 1965இலும் கண்டவர்கள் நாம்.

ஆனால், அந்தப் பத்து மொழிகளைப் பாருங்கள். பத்தும் ஐரோப்பிய மொழிகள்! சீனமும் அரபும் தமிழும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. நல்லெண்ணம் மிக்கவர் கையிலும் தராசின் தட்டு அவ்வளவு சிறிதாகவே இருந்தது.

பீடங்கள் எழுந்தன, எல்லை குறுகியது

1886இல் 'ஒப்பிலக்கியம்' என்ற பெயரிலேயே இலண்டனில் ஒரு நூல் வந்தது. எழுதியவர் போஸ்னெட், அயர்லாந்து நாட்டு வழக்கறிஞர், பின்னர் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். குலமாக வாழ்ந்த மக்கள், நகர அரசாகி, நாடாகி வளர்வதற்கேற்ப இலக்கியமும் மாறி வளர்கிறது என்பது அவர் கொள்கை. இலக்கியம் வானத்திலிருந்து வழங்கப்பட்ட வரம் அன்று. மக்கள் வாழ்வில் விளைந்த விளைச்சல் என்பது அதன் சாரம். அவருடைய படிநிலைகள் சிலவற்றைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஆனால் அடிப்படைக் கேள்வி நிலைத்தது: எந்தச் சமுதாயம் எந்தப் பாடலைப் பாடியது, ஏன்?

அதன்பின் பல்கலைக்கழகங்களில் பீடங்கள் எழுந்தன. நியூயார்க்கின் கொலம்பியாவில் 1899இல் துறை தோன்றியது. ஆர்வர்டில் 1904இல் தனித்துறை அமைந்தது. பிரான்சில் இத்துறை வலுப்பெற்றது. பீடம் எழுந்தது, பார்வை குறுகியது. எந்த நாட்டு எழுத்தாளர் எந்த நாட்டு எழுத்தாளரிடம் எதைப் பெற்றார் என்று கணக்கெடுப்பதே பெரும்பணியாயிற்று. வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளை வரவு செலவு எழுதுவதுபோல, இலக்கியத்தில் கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர் பட்டியல்! அந்தக் கணக்கில் கொடுத்தவர் பக்கம் பெரும்பாலும் பெருநாடுகள். வாங்கியவர் பக்கம் சிறுநாடுகள். பேரரசு நிலத்தில் செய்ததை, பேராசிரியர் ஏட்டில் செய்தார்.

துரத்தப்பட்டவர்கள் தூக்கி நிறுத்தினர்

இந்தத் தூக்கத்தைக் கலைத்தது பெருங்கொடுமை ஒன்று. 1933இல் ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்தான். அதே ஆண்டு ஏப்பிரலில் வந்த சட்டம், யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்க வழிசெய்தது. லியோ ஸ்பிட்சர் கொலோன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். எரிக் அவர்பாக் 1935இல் மார்பர்க்கில் பதவி இழந்தார். பிறப்பால் உயர்வு தாழ்வு என்ற கொள்கை அரசு ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு இவர்கள் வாழ்வு சான்று. பிறப்பைச் சொல்லிப் பள்ளிக் கதவைச் சாத்திய நாட்டில் பிறந்த நமக்கு இந்தக் கதை புரியாததன்று.

இருவருக்கும் இடம் கொடுத்தது துருக்கி. கெமால் அத்தாதுர்க்கின் ஆட்சி, பழைய கல்விக்கூடத்தைக் கலைத்து, அங்கிருந்த ஆசிரியர் பலரை நீக்கி, 1933இல் இசுதான்புல் பல்கலைக்கழகத்தைப் புதிதாக அமைத்தது. வெளிநாட்டு அறிஞர்களை அழைத்தது. ஸ்பிட்சர் சென்றார், 1936இல் அவர் அமெரிக்காவுக்குப் போக, அவர் இடத்துக்கு அவர்பாக் வந்தார். போர் நடந்த ஆண்டுகளில், போதிய நூலகம் இல்லாத அந்த நகரத்தில் இருந்துகொண்டு, ஓமர் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை மேனாட்டு இலக்கியம் வாழ்வை எப்படிச் சித்திரித்தது என்று ஆராயும் 'மிமேசிஸ்' என்ற பெருநூலை எழுதினார். 1946இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அது வெளிவந்தது.

அந்நூலின் முதல் இயலில் அவர் செய்த ஒப்பீடு யாது தெரியுமா? கிரேக்கரின் ஓமர் காப்பியக் காட்சி ஒன்றையும், எபிரேய மறையில் ஆபிரகாம் தன் மகனைப் பலியிடப் புறப்படும் காட்சியையும் அருகருகே வைத்தார். யூத இனத்தையே மண்ணிலிருந்து துடைக்க முனைந்த ஆண்டுகளில், யூதரின் எழுத்தைக் கிரேக்கரின் எழுத்துக்கு இணையாக நிறுத்தி, இரண்டும் இரு வகை ஆற்றல் என்று காட்டினார். அவர் கூச்சலிடவில்லை, ஒப்பிட்டார். அதுவே போதுமான விடையாயிற்று.

போருக்குப் பின் அவர்பாக் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கே ஒப்பிலக்கியத்தை வளர்த்த ரெனே வெல்லக்கும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்தாம். 1958இல் நடந்த மாநாட்டில் வெல்லக், இந்தக் கடன் கணக்கு ஆராய்ச்சியைக் கடுமையாகத் தாக்கினார். நாட்டுப் பெருமையைக் கூட்டுவதற்காகக் கணக்கெழுதும் வேலை ஆராய்ச்சி ஆகாது என்றார். ஜெர்மனியில் இன்று பெயர்பெற்ற ஒப்பிலக்கிய நிறுவனம் ஒன்று பெர்லினில் 1965இல் தொடங்கப்பெற்றது. அதன் பெயரைத் தாங்கிய பீட்டர் சோண்டி, பதினைந்து வயதில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர் தப்பிய அங்கேரிய யூதர்.

கசாப்புத் தொழிலாளி காட்டிய வழி

கற்றவர் செய்த பணியைச் சொன்னோம். எழுத்தறியாதவர் ஒருவர் இத்துறைக்குச் செய்த பணியையும் சொல்ல வேண்டும்.

மில்மன் பாரி என்ற அமெரிக்க இளைஞர், கிரேக்கம் கற்கப் பாரிசு சென்றார். ஓமரின் பாடல்களில் ஒரே தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவே, ஏன் என்று கேட்டு, 1928இல் ஆய்வேடு அளித்தார். இவை தனி ஒருவர் ஏட்டில் எழுதியவை அல்ல. வாய்மொழி மரபில் விளைந்தவை என்ற முடிவுக்கு வந்தார். நூலறிவு மட்டும் போதாது, உயிரோடு பாடுவோரைக் கேட்க வேண்டும் என்று 1933 முதல் 1935 வரை யூகோசுலாவியாவில் ஊர் ஊராகத் திரிந்தார். உதவிக்கு உடன் சென்றவர் ஆல்பர்ட் லார்டு.

அங்கே அவர்கள் கண்டெடுத்த மாணிக்கம் அவ்தோ மெஜெதோவிச். தொழில், கசாப்பு. எழுதப் படிக்கத் தெரியாது. 1935இல் அவர் தம் நினைவிலிருந்து சொன்ன ஒரே கதைப்பாடல், 12,000 அடிகளுக்கு மேற்பட்டது! ஓமரின் 'ஒடிசி' ஏறத்தாழ அந்த அளவுதான். மேனாட்டு மேட்டுக்குடியினர் கோயில் கட்டிக் கும்பிட்ட ஓமரின் கலையை விளக்கும் திறவுகோல், இறைச்சி வெட்டும் கையில் இருந்தது. பாரி அவ்வாண்டே முப்பத்து மூன்று வயதில் இறந்தார். லார்டு பணியைத் தொடர்ந்து, 1960இல் 'கதைப்பாடகன்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூல் எழுதினார். இன்றும் ஒப்பிலக்கியம் படிப்போர் தவறாமல் படிக்கும் நூல்.

படிக்காதவன் என்று நாம் யாரைத் தள்ளுகிறோமோ, அவனிடம் பாடம் கேட்கச் சென்றபோதுதான் இத்துறை வளர்ந்தது.

தமிழ் தட்டில் ஏறிய நாள்

பாரி மூட்டிய ஒளி தமிழுக்கும் வந்தது. கொண்டுவந்தவர் ஈழத்து அறிஞர் கைலாசபதி. 1933இல் கோலாலம்பூரில் பிறந்து, பேராதனையில் படித்து, 'தினகரன்' ஏட்டின் ஆசிரியராக இருந்தவர். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் ஜார்ஜ் தாம்சன், கிரேக்கப் பேராசிரியர், மார்க்சியர். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரப்பாடல்களோடும் அயர்லாந்து, வேல்சு மரபுகளோடும் ஒப்பிட்டு, பாணர் மரபு எவ்வாறு இயங்கியது என்று கைலாசபதி ஆராய்ந்தார். ஆக்சுபோர்டு 1968இல் அதை நூலாக வெளியிட்டது. மறு ஆண்டு, தமிழிலேயே 'ஒப்பியல் இலக்கியம்' என்ற நூலையும் தந்தார். கற்றதைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வரவில்லை. தாய்மொழியில் கொண்டுவந்து சேர்த்தார். இதுவே கடல் கடந்து கற்றவர் கடமை.

அவர் முடிவை எல்லாரும் ஏற்றார்களா? இல்லை. அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஹார்ட், 1975இல் வெளிவந்த தம் நூலில், சங்கப் பாடல்களை ஆக்கியவர் எழுத்தறிந்த புலவர்கள். ஆனால் அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டது தாழ்நிலையில் வைக்கப்பட்டிருந்த பாணர் முதலிய கலைஞர்களின் வாய்மொழிப் பாடல்களை என்றார். இருவரில் யார் முடிவு சரி என்ற வழக்கு அறிஞர்க்குரியது. நமக்குரியது ஒன்று உண்டு. எவர் முடிவை ஏற்றாலும், சங்கப் பெருமையின் வேரில் பாணன் இருக்கிறான், துடியன் இருக்கிறான், பறையன் இருக்கிறான். அவர்கள் கொட்டிய பறையையும் மீட்டிய யாழையும் பாராட்டி மேடையில் முழங்கிவிட்டு, அந்தப் பெயரைத் தாங்கியவரை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்தோமே! ஒப்பீடு என்னும் விளக்கு, அயலார் முகத்தை மட்டும் காட்டாது. நம் முகத்தையும் காட்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குத் தமிழ் மீது ஏன் பற்று வந்தது என்றும் கேட்டுக்கொள்வோம். 1957இல் சோவியத் நாடு வானில் செயற்கைக் கோளை ஏவியது. அச்சமுற்ற அமெரிக்கா, 1958இல் கல்விச் சட்டம் இயற்றி, உலக மொழிகளைக் கற்பிக்கப் பணத்தை அள்ளி வழங்கியது. அந்தப் பணம் தமிழுக்கும் பாய்ந்தது. வல்லரசின் தேவை, தராசின் தட்டை அகலமாக்கியது. அந்த நிலத்தில் நல்ல பயிரும் விளைந்தது. மைசூரில் பிறந்த ஏ. கே. இராமானுசன் 1959இல் அமெரிக்கா சென்று, இந்தியானாவில் மொழியியல் கற்றார். 1962இல் சிகாகோப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் தேடிப் போனவர் கையில், உ. வே. சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு கிடைத்தது. அதிலிருந்து பிறந்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1967இல் வெளிவந்து, உலகக் கவிஞர் பலரைக் குறுந்தொகை பக்கம் திருப்பியது. தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவர், தமிழின் பழஞ்செல்வத்தைக் கண்டது சிகாகோவின் நிலவறையில்! மரபு என்பது பிறப்புரிமையாக வந்து சேர்வதன்று. உழைத்து ஈட்ட வேண்டியது என்று அவரே பின்னாளில் எழுதினார்.

இந்தியாவிலும் இத்துறைக்கு இடம் கிடைத்தது. 1907இல் கல்கத்தாவில் தாகூர் உலக இலக்கியம் பற்றி உரையாற்றினார். அவரை அழைத்த தேசியக் கல்வி அமைப்பின் வழிவந்த ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில், 1956இல் கவிஞர் புத்ததேவ போஸ் ஒப்பிலக்கியத் துறையை நிறுவினார். அதே கல்கத்தாவிலிருந்து காயத்ரி சக்கரவர்த்தி என்ற பத்தொன்பது வயதுப் பெண், 1961இல், கடன் வாங்கிய பணத்தோடு அமெரிக்காவின் கார்னெல் சென்றார். ஸ்பிவாக் என்ற பெயரில் உலகம் அறிந்த அவர், 2003இல் எழுதிய நூலில், ஆசிய ஆப்பிரிக்க மொழிகளைக் கற்காத ஒப்பிலக்கியம் சாகும் துறையே என்று அறைந்து சொன்னார்.

யார் போகிறார்? யார் போகமுடிகிறது?

இனி, வீட்டில் எழுந்த முதற் கேள்விக்கு வருவோம். இலக்கியத்துக்கா இவ்வளவு பணம்?

இங்கிலாந்தில் ஒப்பிலக்கிய முதுகலை பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு; இறுதியில் ஆய்வேடு எழுத வேண்டும். ஜெர்மனியில் இரண்டாண்டு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டாரிடம் அரையாண்டுக்கு 1500 யூரோ பெறுகிறது. கட்டணம் இல்லாத இடத்திலும், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய பணத்தை முன்கூட்டியே வங்கியில் காட்டினால்தான் நுழைவு அனுமதி. கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை அந்தப் பணத்தை எங்கே காட்டுவான்?

ஆகவேதான் உதவித்தொகை உயிர்நாடி. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் வழங்கிய உதவித்தொகை இல்லையேல், அம்பேத்கர் கொலம்பியா சென்றிருக்க முடியுமா? அங்கே 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே மாதம், ஒரு கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றின என்ற கட்டுரையைப் படித்தார். சாதியைச் சாதியின் எல்லைக்கு வெளியே நின்று, உலகச் சமுதாயங்களோடு ஒப்பிட்டு, அது இயற்கையும் அன்று, இறைவன் கட்டளையும் அன்று என்று காட்டினார். வெளியூர்ப் படிப்பு செய்யக்கூடிய மிகப் பெரிய பணி அதுவே.

இன்று ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் வெளிநாடு சென்று கற்க, மைய அரசின் அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் ஒன்று உண்டு. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற உழவுத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்குரியது. 2022இல் அதன் விதிகளில் ஒரு மாற்றம் வந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட ஆய்வுக்கு இத்தொகை கிடையாது! அவற்றைக் கற்க இந்தியாவிலேயே வசதி இருக்கிறதே என்பது சொல்லப்பட்ட காரணம்.

வசதி இருக்கலாம். வாய்ப்பு அதுவன்று. வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளை, தன் தந்தையின் பணத்தில் ஆக்சுபோர்டு சென்று இந்திய வரலாற்றை எழுதலாம், தடையில்லை. நிலமற்ற உழவர் வீட்டுப் பெண், தன் பாட்டி பாடிய ஒப்பாரியையும் அயர்லாந்துப் பெண்கள் பாடிய இரங்கற்பாடலையும் அருகருகே வைத்து ஆராய விரும்பினால், அந்தத் தொகை அவளுக்குக் கிட்டுவது அரிது. அவள் பொறியியல் கற்கலாம். தன்னைப் பற்றித் தானே எழுதக் கூடாது! 1916இல் அம்பேத்கர் எடுத்துக்கொண்ட பொருள், இந்த விதியின்படி உதவிக்கு உரியதாகுமா? விதியை வகுத்தவர்களே விடை சொல்லட்டும். சூத்திரன் காதில் வேதம் விழக் கூடாது என்றது பழைய விதி. ஒடுக்கப்பட்டோர் கையில் வரலாறு விழக் கூடாது என்பதுதான் புதிய விதியின் விளைவு. இந்த விதி மாற வேண்டும். மாறும் வரை மாநில அரசும், தமிழ் அமைப்புகளும், வசதியுள்ள தமிழரும் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும்.

கொண்டு செல்க, கொண்டு வருக

போகும் இளைஞரிடமும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. அங்கே உங்களிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, 'எந்தெந்த மொழி இலக்கியத்தை அந்தந்த மொழியிலேயே படிக்கத் தெரியும்?' என்பது. ஆங்கிலத்தை மட்டும் கொண்டு போனால், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவரோடு அவர் களத்தில் மோத வேண்டும். தமிழைக் கொண்டு போனால், இரண்டாயிரம் ஆண்டு உழுத நிலத்தைக் கையில் கொண்டு போகிறீர்கள். ஆனால் பட்டயம் மட்டும் போதாது. உழத் தெரிய வேண்டும். சங்கப் பாடலின் பெயரைச் சொல்லப் பலருக்குத் தெரியும். ஒரு பாடலைப் பொருள் உணர்ந்து படிக்கச் சிலருக்கே தெரியும். புறப்படும் முன் படியுங்கள். பர்மிங்காமில் கைலாசபதியும் சிகாகோவில் இராமானுசனும் செய்தது அதைத்தான்.

அங்கே போய்த் தமிழே உயர்ந்தது என்று நிறுவாதீர்கள். தமிழ் தாழ்ந்தது என்று நாணவும் செய்யாதீர்கள். அருகில் வையுங்கள். உண்மை எதுவோ அதைச் சொல்லுங்கள். நம் இலக்கியத்தில் பெண்ணை இழித்த இடம் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். வேற்றுமொழியில் நம்மினும் சிறந்த ஒன்றைக் கண்டால், அதைத் தமிழில் பெயர்த்துத் தாருங்கள். கால்டுவெல்லின் சான்றுக்கு அஞ்சாத நாம், வேறு எந்தச் சான்றுக்கும் அஞ்சத் தேவையில்லை.

வைமர் முதியவர் விருந்துக்கு அழைத்தார். தலைமை இருக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. கொலோழ்வார் பேராசிரியர் பத்து இருக்கை போட்டார். நமக்கு ஒன்றும் போடவில்லை. துரத்தப்பட்டவர்களும், எழுத்தறியாத பாடகனும், கடன் வாங்கிச் சென்ற பெண்ணும் உள்ளே நுழைந்த பின்தான் அந்தக் கூடம் அகன்றது. தராசு எவருக்கும் பரம்பரைச் சொத்து அன்று. கற்றவர் கையில் அது வரும். கற்கும் வாய்ப்பை எல்லார்க்கும் ஆக்குவோம். நம் வீட்டுப் பிள்ளையின் கையிலும் ஒருநாள் அது இருக்கும்.